கலத்துக்குப் பக்கத்தில் நின்றவர்

கலங்களை எப்படி வடிவமைப்பது என்று எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு வேகத்தில் கலக்கினால் உயிரணு கிழியும், எந்தக் குழாய் எந்தப் பக்கம் சரிய வேண்டும், சூடு எந்த மூலையில் தேங்கும் என்பதெல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. என்னைவிட அதற்கு நன்றாகத் தெரியும். எனக்குச் சூத்திரங்கள் மறந்துகொண்டு வருகின்றன. மறக்காமல் கிடந்து உறுத்துவது ஆட்கள்தான். அதனால் ஓர் ஆளைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடுங்கள், கோபிக்க மாட்டேன். கோபிக்கிற தெம்பும் இப்போது இல்லை.

உங்களில் இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்றார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். உயிருள்ள ஒன்றிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து, அதை உடம்புக்கு வெளியே வைத்து வளர்ப்பதற்குப் பாத்திரம் செய்வதுதான் என் தொழில். படித்தவர்கள் பயோரியக்டர் என்பார்கள். எங்கள் இடத்தில் அதைக் கலம் என்றோம். சிலாபத்துக்கும் மதுரங்குளிக்கும் நடுவில், றோட்டோரமாகப் பூட்டிக் கிடந்த ஒரு பழைய எண்ணெய் மில்லைக் கழுவி எடுத்து அதில்தான் தொடங்கினோம். முதலில் வளர்த்தது தென்னை. நன்றாகக் காய்க்கிற மரத்தின் விரியாத பாளையிலிருந்து துண்டு எடுத்து, கலத்தில் போட்டு, அதே மாதிரிக் கன்றுகளாக ஆக்குவது. சொல்ல லேசாக இருக்கிறது. அதில் என் தலைமயிர் போய்விட்டது.

போதாததற்குக் கடல் காற்று. துருவே பிடிக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய உருக்கெல்லாம் எங்கள் கரைக்கு வந்ததும் மூன்றாம் மாதமே புள்ளி விழுந்து நிற்கும். கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தால், "அங்கே என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஒன்றும் செய்யவில்லையப்பா, மூச்சு விடுகிறோம் என்பேன். உப்புத்தான் எங்கள் முதல் எதிரி என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, காற்றிலே வருவது உப்பு மட்டும் இல்லை என்று.

தென்னையில் கொஞ்சம் பேர் எடுத்த பிறகு, கொழும்பில் தீக்காயத்துக்கு வைத்தியம் பார்க்கிற சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். உடம்பில் பெரும் பகுதி எரிந்துபோனவருக்கு ஒட்டுப்போட, எரியாத இடத்தில் போதிய தோல் இருக்காது. சின்னத் துண்டு ஒன்று தந்தால் அதைப் பெரிதாக வளர்த்துத் தருவீர்களா என்று கேட்டார். மாட்டோம் என்று சொல்லியிருக்கலாம். எங்களோடு குமாரி மிஸ் இருந்தார். சிலாபத்துச் சிங்களப் பெண். உயிரணு வளர்ப்பதில் கைராசிக்காரி. அவர் ஓம் என்று தலையாட்டிவிட்டார். உயிரணு அவர் பொறுப்பு, கலம் என் பொறுப்பு. மில்லின் பின்பக்கத்து அறையைத் தோலுக்கென்று ஒதுக்கினோம்.

அப்படி வந்ததுதான் ஸஹ்ராவின் தோல்.

ஸஹ்ரா நுரைச்சோலைப் பக்கத்துப் பிள்ளை. பதினொரு வயது இருக்கும். அவளுடைய வாப்பா ரஹீம் மீன்பிடிக்காரர். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரை விட்டு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது சின்னப் பிள்ளையாகப் பெற்றோரோடு வந்து இங்கேயே வளர்ந்தவர். மண்ணெண்ணெய்க்கு நாள் கணக்காக வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்ததே, அந்தக் காலம். எஞ்சினுக்கு வேண்டும் என்று ரஹீம் கிடைத்த மண்ணெண்ணெயையெல்லாம் கேன்களில் வாங்கி, களவு போய்விடும் என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே, சமைக்கிற குசினிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார். ஒரு நாள் மஃரிப் தொழுகை நேரம், இருட்டும்போது, கரண்ட் போனது. பிள்ளை விளக்கைக் கொளுத்திக்கொண்டு குசினிப் பக்கம் போயிருக்கிறாள். ஒரு கேன் ஒழுகிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. முதுகும், வயிறும், இரண்டு கையும் போயின.

டொக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். புண் மூடினால் பிள்ளை பிழைப்பாள். திறந்தே கிடந்தால் கிருமி ஏறும், பிறகு பேச ஒன்றுமில்லை. தொடையில் எரியாமல் கிடந்த இடத்திலிருந்து தபால் முத்திரை அளவுக்கு ஒரு துண்டு எடுத்து அனுப்பினார்கள். அதைக் கொண்டு நாங்கள் முதுகு முழுக்க மூட வேண்டும்.

ரஹீம் வெள்ளிக்கிழமைகளில் வருவார். அந்தக் கரையில் முஸ்லிம் மீன்பிடிக்காரர் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். அவர் காலையிலேயே குளித்து உடுத்தி, பஸ் ஏறி மதுரங்குளிக்கு வந்து, அங்கே ஜும்ஆ தொழுதுவிட்டு எங்களிடம் இறங்குவார். பிறகு கொழும்புக்குப் போவார். உம்மா வார்டிலேயே பிள்ளையோடு இருந்தாள். கிருமி பயத்தால் ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். அதனால் ரஹீம் கொழும்பு வரைக்கும் போயும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். வெளியாட்களைப் பின்பக்கத்து அறைக்கு நாங்கள் விடுவதில்லை. இருந்தாலும் முதல் வெள்ளிக்கிழமை அவர் வாசலில் நின்று, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்று கூப்பிட்டுக் கேட்டதை என்னால் மறுக்க முடியவில்லை.

"இஞ்சினியர் நானா, அங்க என்ட மவள்ட பக்கத்துல போக விடுறாங்களே இல்ல. இங்க இரிக்கிறதும் அவட ஒடம்புதானே? அஞ்சு நிமிஷம் நிண்டுட்டுப் போறன்."

குமாரி மிஸ் என்னைப் பார்த்தார். "அனே, விடுங்க நானா. மெஷின் மூடித்தானே இருக்கு" என்றார்.

அங்கியும் தொப்பியும் முகமூடியும் போட்டு விட்டோம். அவர் கலத்துக்குப் பக்கத்தில் நின்று கை ஏந்தி துஆ ஓதினார். பிறகு காற்று உள்ளே போகும் வலைக்கண்ணை உற்றுப் பார்த்தார். காற்று சரியாக இழுபடுகிறதா என்று பார்க்க அதில் ஒரு நூல் கட்டி வைத்திருப்பேன். கணினி காட்டும், ஆனாலும் நூல் பொய் சொல்லாது. அந்த நூல் உள்ளே வளைந்து வளைந்து துடிப்பதைப் பார்த்து, "இது மூச்சு எடுக்குது நானா" என்றார். ஓம், மூச்சுத்தான் என்றேன். முகம் மலர்ந்து போனார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோலின் உயிரணு முதலில் சாப்பாட்டு நீருக்குள் மூழ்கிக் கிடந்து பெருகும். ஆனால் அப்படியே கிடந்தால் அது வெறும் சவ்வு. மேற்பக்கம் காற்றைத் தொட்டால்தான் அது தோலாகும். ஆகவே ஒரு கட்டத்தில் நீரைக் குறைத்து, அறைக் காற்றை வடிகட்டிச் சூடாக்கி அதன் மேல் விடுவோம். ஸஹ்ராவின் தோல் அந்தக் கட்டத்துக்கு வந்த வாரம் குமாரி மிஸ்ஸுக்குக் கால் தரையில் படவில்லை. கண்ணாடி மாதிரி அழகான தோல். வெள்ளிக்கிழமை ரஹீம் வழக்கம்போல உள்ளே வந்து, கலத்தடியில் நின்றுவிட்டுப் போனார். சனிக்கிழமை ஓரங்கள் சுருண்டன. திங்கட்கிழமை முழுவதும் மங்கிப்போய்க் கிடந்தது. மிஸ் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே, "செத்துட்டுது நானா" என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கூத்துத்தான். தண்ணீரைச் சோதித்தோம், சாப்பாட்டு நீரைச் சோதித்தோம். ஜெனரேட்டர் பார்க்கிறவர், தரை துடைக்கிற மருந்தில்தான் பிழை என்றார். தரை துடைக்கிற அம்மா, ஜெனரேட்டர் புகைதான் என்று சத்தியம் பண்ணினார். கிருமியா என்று பார்த்தால் ஒரு கிருமியும் இல்லை. கிருமி இல்லாமல் செத்தது என்றால் அது கலத்தின் பிழை, அதாவது என் பிழை என்று எல்லோரும் என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை வடிகட்டியைக் கழற்றி வலைக்கண்ணைத் துடைத்துவிட்டு, பகல் சோற்றுக்கு இருந்தேன். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனபோது கையிலிருந்து அத்தர் மணந்தது. நான் அத்தர் பூசவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் சாப்பிட இருந்தேன், அப்படியும் போகவில்லை. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பி ஓடினேன். வலைக்கண்ணில் மூக்கை வைத்துப் பார்த்தேன். நூலைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் பிசுபிசுத்தது.

எங்கள் வடிகட்டி கிருமியைப் பிடிக்கும், தூசியைப் பிடிக்கும். வாசத்தைப் பிடிக்காது. வாசம் என்பது எண்ணெய் ஆவி. நேராக உள்ளே போய், வெறும் மேலோடு கிடக்கிற உயிரணுவின் மேல் இறங்கும். குமாரி மிஸ் அதை வேறு உயிரணுக்களில் வைத்துப் பார்த்தார். அடுத்த நாளே அவையும் அதே மாதிரிச் சுருண்டன. ஏன் ஒருவருக்கும் முதலே மூக்கில் படவில்லை என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் கட்டடத்தில் பாதி ஆம்பிளைகள் ஜும்ஆ முடிந்து வந்தவர்கள். எங்களுக்கு அது அத்தர் வாசமே இல்லை, வெள்ளிக்கிழமை வாசம். வெளியூர்க்காரன் ஒருவன் இருந்திருந்தால் கதவைத் திறந்ததுமே கேட்டிருப்பான்.

என்ன நடந்தது என்று விளங்கியதும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. வலைக்கண்ணடியில் நின்ற ரஹீமின் முகம். அந்த மனிதர் ஏற்கெனவே மண்ணெண்ணெய்ப் பழியைச் சுமந்துகொண்டு திரிகிறார். பட்ட காலிலே படும் என்பார்கள். இதை எப்படி அவரிடம் சொல்வது?

சொல்லாமலும் விட முடியாது. மறுபடி வளர்க்க வேண்டுமென்றால் பிள்ளையின் தொடையில் இன்னொரு துண்டு வெட்ட வேண்டும். டொக்டர் ஓம் என்றுவிட்டார், ஆனால் தகப்பன் சம்மதிக்க வேண்டும். முதல் துண்டு என்னவாயிற்று என்று அவர் கேட்பார்.

மனேஜர் எங்களைக் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வருகிற ஆள், கெட்டவர் இல்லை. "சேர், வெந்த புண்ணில வேல் பாய்ச்சாதீங்க. செல் பிடிக்கல்ல எண்டு சொல்லுங்க. அது பொய்யும் இல்லத்தானே? இனி ஒருத்தரும் உள்ளுக்கு வரக் கூடாது எண்டு சட்டம் போடுவம். முடிஞ்சுது."

குமாரி மிஸ்ஸின் கண் கலங்கியிருந்தது. "அந்த மனுசனுக்குச் சொல்ல வேணாம் நானா. பாவம். நாமதானே விட்டது உள்ளுக்கு. நாம சுமப்பம்."

ஒருவர் வசதிக்காகச் சொல்கிறார், மற்றவர் இரக்கத்துக்காகச் சொல்கிறார், இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். தம்பிமார், தங்கச்சிமார், இந்த மாதிரி நேரம் வந்தால் கவனமாக இருங்கள். இரக்கமும் வசதியும் ஒரே வாயால் பேசும்போது மறுத்துப் பேசுவது போலக் கஷ்டம் வேறில்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. களைத்துப் போயிருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்ற வேலையை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

தென்னை வளர்த்த நாட்களில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். ஒரு தடவை தோட்டக்காரர் ஒருவருடைய கன்றுகள் கலத்துக்குள்ளேயே கறுத்துச் செத்தன. மூடிக்குப் போட்ட ரப்பரிலிருந்து ஏதோ கசிந்திருந்தது. தோட்டக்காரர் வந்து நின்றபோது எங்கள் ஆள் ஒருவர் முந்திக்கொண்டு, "இந்த வருஷம் வெக்கை கூட ஐயா" என்றார். பெரியவர் பின்னால் இருந்து கத்தினார்: "வெக்கையும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. எங்கட ரப்பர்!" தோட்டக்காரர் தூஷணத்தில் ஏசிவிட்டுப் போனார். பிறகு அவரே அடுத்த பாளையைக் கொண்டுவந்தார். அன்றைக்குப் பெரியவர் என்னிடம் சொன்னார்: "செத்ததுக்குக் காரணம் சொல்லாமல் அடுத்ததைத் தா எண்டு கேக்கிறவன் கள்ளன். விளங்குதோ?" நான் அப்போது சிரித்தேன். ஆனால் தென்னம்பாளைக்கே அப்படி என்றால், இது பிள்ளையின் தொடை.

"நான் சொல்லப் போறன்" என்றேன். மனேஜர் கையை விரித்தார். குமாரி மிஸ் என்னோடு பேசாமல் எழும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை ரஹீம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கேற்றடியில் பிடித்துக்கொண்டேன். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, காது மடலில் செருகிய அத்தர்ப் பஞ்சு. தோல் செத்துப்போன செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குப் போயிருந்தது, காரணம் போயிருக்கவில்லை. "வாங்க தம்பி, தேத்தண்ணி குடிப்பம்" என்று எதிர்க்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பிளேன்டீ வந்தது. ஒன்றும் குடிபடவில்லை.

அவரே கேட்டார். "ஏன் நானா மௌத்தானது? நல்லாத்தானே இரிந்திச்சி?"

"போன வெள்ளி நீங்க கலத்துல அத்தர் பூசினீங்களா தம்பி?"

அவருக்கு விளங்கவில்லை. ஏதோ நல்ல விஷயம் கேட்கிறேன் என்று நினைத்து, "ஓம் நானா, அந்த நூல் ஆடுற இடத்துல" என்றார். "ஜும்ஆவால வந்தா மவள் ஓடி வந்து கைய நீட்டுவா. மணிக்கட்டுல பூசி விடுவன். அந்தப் பழக்கம். மூச்சு எடுக்கிற இடமாச்சே, அவவுக்குப் போய்ச் சேரும் எண்டு..."

என் முகத்தைப் பார்த்து அவராகவே நிறுத்தினார். பிறகு காதிலிருந்து பஞ்சை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதா?"

"ஓம் தம்பி. கிருமி இல்ல, வேற ஒண்டும் இல்ல. இந்த எண்ணெய்ட ஆவி அந்தத் தோலுக்கு ஆகல்ல. ஒங்களுக்கு அது தெரிய வழியே இல்ல. எங்களுக்கும் தெரியல்ல. வாசத்த மறிக்கிற மாதிரி அந்த மெஷின் செய்யப்படல்ல."

"எரிச்சதும் நான். இப்ப இதும் நான்தானா?"

அந்த ஆள் கடையில் எல்லோரும் பார்க்கப் பார்க்க அழுதார். கடைக்காரர் வானொலியை நிறுத்திவிட்டார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. மனேஜர் சொன்னது சரிதான், குமாரி மிஸ் சொன்னது சரிதான், நான் ஒரு மடையன் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். உண்மை சொன்னால் மனம் லேசாகும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றும் ஆகாது. கேட்டவர் சுமை கூடும், சொன்னவர் சுமையும் குறையாது.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு முகத்தைத் துடைத்தார். "திரும்ப வெட்டணுமா?"

"ஓம். அதே அளவு. மற்றத் தொடையில."

"அவட உம்மாக்கிட்ட நானே விசயத்த செல்றன். மவளுக்கும் நானே செல்றன். நீங்க செல்ல வாணாம்." ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்காகக் குடித்தார். பிறகு கேட்டார்: "அப்ப அடுத்த வெள்ளி நான் எங்க நிக்கிற நானா?"

வராதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன். இவ்வளவு காலமும் நான் எத்தனை கலங்களுக்குப் படம் கீறியிருக்கிறேன். குழாய்க்கு இடம் விட்டிருக்கிறேன், வயருக்கு இடம் விட்டிருக்கிறேன், திருத்த வருகிறவன் கை நுழைய இடம் விட்டிருக்கிறேன். உள்ளே வளர்கிறது யாருடையதோ, அவருக்கு நிற்க ஓர் இடம் எந்தப் படத்திலும் இல்லை. அந்த இடம் இல்லாததால்தான் அவர் போய் வலைக்கண்ணடியில் நின்றார்.

"வாங்க, காட்டுறன்" என்றேன்.

மில்லின் பின்சுவருக்கு வெளியே வேலியோரமாகக் கொஞ்சம் நிலம் கிடந்தது. அடுத்த வாரம் அந்தச் சுவரை இடித்துக் கண்ணாடி வைத்தோம். மனேஜர் முணுமுணுத்தார், குமாரி மிஸ் மேஸனுக்குப் பக்கத்திலேயே நின்று அவனை விரட்டி வேலை வாங்கினார். அப்போதுதான் என்னோடு மறுபடி பேசத் தொடங்கினார். காற்று வாயை அறைக்குள்ளிருந்து எடுத்துக் கூரைப் பக்கம் உயர்த்தினேன். வாசத்தைப் பிடிக்கக் கரி வடிகட்டி வேண்டும். அதற்கு எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. தேங்காய்ச் சிரட்டைக்கரியைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு ஏற்றுகிறவர்கள் எங்கள் றோட்டிலேயே இருந்தார்கள். ஒரு மூட்டை கேட்டதற்கு, யாருக்கு என்று விசாரித்துவிட்டு இரண்டு மூட்டை தந்தார்கள்.

இரண்டாவது துண்டு வந்தது. அது வளர்ந்த வாரங்களை நான் சொல்லப் போவதில்லை, நினைத்தாலே களைக்கிறது. அதற்கிடையில் பிள்ளைக்கு இரண்டு தரம் காய்ச்சல் ஏறியது. ஒவ்வொரு தரமும், நாங்கள் தோலைக் கொடுக்கிற நாளில் அதை ஒட்ட உடம்பு இருக்குமோ என்று பயந்தோம். ரஹீம் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். வெயிலில், வேலிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்றார். கண்ணாடிக்குப் பக்கத்தில் வாருங்கள் என்று சைகை காட்டினாலும் வரமாட்டார். அத்தரை அடியோடு விட்டுவிட்டார், அதற்குமேல் வீட்டில் சாம்பிராணி போடுவதையும் நிறுத்திவிட்டாராம். சொன்னதற்கும் மேலே செய்கிறாரே, நல்ல மனிதர் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

தோல் பிடித்தது. முழுக்க இல்லை. இடது தோளில் ஓர் இடம் உரிந்துவிட்டது. டொக்டர் பிள்ளையின் உடம்பிலேயே வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினார். முதுகும் வயிறும் மூடின. கைகளுக்கு இன்னும் சத்திரசிகிச்சை பாக்கி என்றார்கள். பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று டொக்டர் தொலைபேசியில் சொன்னபோது, குமாரி மிஸ் என் கையிலிருந்து போனைப் பறித்து, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பிறகு ஒரு நாள் நாங்கள் இருவரும் வார்டுக்குப் போனோம். அதற்குள் பிள்ளையைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். யாரும் போகலாம், பக்கத்தில் இருக்கலாம், தொடலாம். ரஹீம் வாசலடியில் நின்றுகொண்டிருந்தார். சலாம் சொல்லிவிட்டு நாங்கள் உள்ளே போனோம். அவர் வெளியிலேயே நின்றார். எங்களுக்கு இடம் விடுகிறார் என்று நினைத்தேன்.

ஸஹ்ரா தலையணையில் சாய்ந்திருந்தாள். குமாரி மிஸ் கொண்டுபோன மஸ்கட் இனிப்பை உம்மா ஊட்டத் தின்றுகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா இஞ்சினியர் மாமா?"

"ஓம் மவள்."

"வாப்பா எனக்கு எல்லாம் செல்லிட்டாரு. மண்ணெண்ணெயும் செல்லிட்டாரு, அத்தரும் செல்லிட்டாரு." வாயில் இருந்ததை விழுங்கினாள். "நீங்க வாப்பாக்கு ஏசினீங்களா?"

"இல்ல மவள். ஒருத்தரும் ஏசல்ல."

"அப்ப ஏன் வாப்பா எனக்கிட்ட வாறல்ல?"

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிள்ளையின் உம்மா கட்டிலோரத்தில் இருந்து மெல்லச் சொன்னாள்: "இந்த வார்டுக்கு வந்த நாள்லேரிந்து இப்படித்தான் நானா. டொக்டர் போங்க எண்டு செல்லியும் கேக்கிறாரில்ல. கதவடியில நிண்டு பாத்துட்டுப் போறாரு."

எங்கள் தொழிலில் தடை போடுவது கைவந்த வேலை. தொடாதே, உள்ளே வராதே, மூடி வை. அதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வோம். அந்தத் தடை எந்த நாளோடு முடிகிறது என்று சொல்ல ஒருவருக்கும் ஞாபகம் வராது. நான் அந்தத் தேத்தண்ணிக் கடையில் உண்மையைச் சொன்னேன் என்று மனதுக்குள் கொஞ்சம் பெருமையோடுதான் இருந்தேன். அதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது அந்தக் கட்டிலடியில்தான் தெரிந்தது. தன் கை பட்டால் மகளுக்கு ஆகாது என்று விளங்கிக்கொண்டு, அந்த மனிதர் அத்தனை நாளும் கதவடியில் நின்றிருக்கிறார்.

எழும்பி வாசலுக்குப் போனேன்.

"உள்ளுக்குப் போங்க தம்பி. பிள்ள கேக்கிறா."

"டொக்டரும் போகலாம் எண்டு செல்றாருதான்" என்றார். "அவருக்கு என்ன தெரியும்? மத்தவங்க எல்லாரும் என்ட மனசு நோகும் எண்டு பாத்துப் பாத்துக் கதைக்கிறவங்க. நீங்க உண்மைய செல்லுங்க நானா. நான் போனா அவவுக்கு ஒண்டும் ஆகாதா?"

"ஒண்டும் ஆகாது. அந்தத் தோல் இப்ப அவட சொந்தத் தோல். நீங்க தொடலாம்."

என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே கால் வைத்தார். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு போதுமா நானா?"

"இன்னும் போங்க" என்றேன்.